சிரிப்புக்கு யார் ஜாமீன்?

1

2017 நவம்பரில் படாளம் கூட்டுரோட்டில் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடையின் பக்கச்சுவரில் ஒரு ஜெராக்ஸ் தாள் ஒட்டியிருந்தது. செல்போனில் வந்த படத்தைப் பிரிண்ட் போட்டு, அதை மறுபடியும் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். மை அதிகமாகிக் கோடுகள் ஒன்றோடொன்று அப்பிக் கிடந்தன. ஆனாலும் படம் தெரிந்தது. தரையில் குப்புறக் கிடந்து எரிகிற ஒரு குழந்தை. எதிரே முதலமைச்சர், கலெக்டர், போலீஸ் அதிகாரி என மூன்று பேர். உடம்பில் துணி கிடையாது. ரூபாய்க் கட்டுகளால் மானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வரைந்தவர் கார்ட்டூனிஸ்ட் பாலா. அப்போதுதான் கைதாகி ஜாமீனில் வந்திருந்தார். எங்க ஊரில் அவரை யாருக்கும் தெரியாது. அவருடைய பேஸ்புக் பக்கத்தைப் பார்த்தவர்கள் அந்தக் கடையில் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். ஆனால் படம் வந்து சேர்ந்திருந்தது. கரும்பு லோடோடு சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டர் டிரைவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பார்த்தார்கள். ஒருத்தர் சிரித்தார். ஒருத்தர் "த்சொ" என்றார். ஒட்டியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். செல்போன் ரீசார்ஜ் கடையில் வேலை பார்க்கிற ஒரு பையன். மூன்றாம் நாள் போனால் தாள் இருந்த இடத்தில் ஒரு மளிகைக்கடை காலண்டர் தொங்குகிறது. "நமக்கு எதுக்குத் தம்பி வம்பு? வரைஞ்சவருக்கு வக்கீலு இருக்காரு. இந்தப் பையனுக்கு யாரு இருக்கா?" என்றார் கடைக்காரர்.

இந்தக் கட்டுரை அவர் கேட்ட கேள்வியைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. சிரிப்புக்கு யார் ஜாமீன்? தமிழில் அதிகாரத்தைப் பார்த்துச் சிரித்தவர்களின் வரலாற்றை, அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்தவர்களின் வரலாறாக எழுதிப்பார்க்க முடியுமா என்பதே என் முயற்சி.

2

முதலில் சம்பவம். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்குகிற நாள். கந்துவட்டிக் கொடுமைக்கு ஆளான ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என நாலு பேரும் அந்த வளாகத்திலேயே எரிந்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. அதற்கு முன்பும் பலமுறை மனுக் கொடுத்திருந்த குடும்பம் அது. தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடை செய்யும் சட்டம் 2003லேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். சட்டம் இருந்தது, மனு இருந்தது, அலுவலகம் இருந்தது. எல்லாம் இருந்தும் எரிந்தார்கள்.

குமுதத்தில் பல ஆண்டுகள் வரைந்துவிட்டு வெளியே வந்து, தன் இணையதளத்திலும் முகநூலிலும் சுதந்திரமாக வரைந்துகொண்டிருந்தவர் பாலா. சம்பவத்தை ஒட்டி அவர் போட்ட படத்தின் மேல் ஆட்சியர் புகார் கொடுத்தார். நவம்பர் 5ஆம் தேதி திருநெல்வேலி போலீஸ் சென்னைக்கு வந்து அவரைக் கைது செய்து கொண்டுபோனது. மறுநாள் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. போடப்பட்ட பிரிவுகளைக் கவனியுங்கள். ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆவது பிரிவு. அது ஆபாசத்துக்கானது. இன்னொன்று, இந்திய தண்டனைச் சட்டத்தின் 501. அவதூறான ஒன்றை அச்சிடுவது அல்லது 'செதுக்குவது' பற்றிய பிரிவு. 1860இல், மரத்திலும் உலோகத்திலும் படத்தைச் செதுக்கி அச்சேற்றிய காலத்தில் எழுதப்பட்ட சொல். காகிதமே தொடாத ஒரு படத்தின் மேல் 157 வருஷத்துக்கு முந்தைய உளி விழுகிறது. (அந்தத் தண்டனைச் சட்டமே 2024 ஜூலை 1 முதல் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. உளி போய்விட்டதா என்பது வேறு கேள்வி.)

ஆபாசம் என்ற சொல்லும் யோசிக்க வைக்கிறது. அந்தப் படத்தில் ஆபாசம் எது? எரியும் குழந்தையா, துணியில்லாத அதிகாரமா? அரசின் வாசிப்பு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. ஒரு பிரதியை அதிகாரம் எப்படி வாசிக்கிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.

3

எங்கள் பக்கத்துச் சிரிப்புக்கு நீண்ட பரம்பரை உண்டு. படாளத்திலிருந்து கிழக்கே கடற்கரையைப் பார்த்துப் போனால் மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கும் காட்சி என்றும் அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிற அந்தப் பெரும்பாறையில், யானைகளுக்குப் பக்கத்தில் ஒரு பூனை நிற்கிறது. பின்னங்காலில் எழுந்து, முன்னங்கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே தவம் செய்கிற முனிவரைப் போலவே. சுற்றிலும் எலிகள். பாறையில் தேவர்கள், கந்தர்வர்கள், நாகர்கள் எல்லாம் இருந்தும் பள்ளிக்கூடத்தில் டூர் கூட்டிப்போன பிள்ளைகள் கூடி நிற்பது பூனைக்கு முன்னால்தான். போலிச் சாமியார் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. தவத்தின் பக்கத்திலேயே தவத்தைக் கேலி செய்கிற உருவம். ஏழாம் நூற்றாண்டில் அதைச் செதுக்கிய கையின் பெயர் யாருக்கும் தெரியாது.

பெயர் தெரிந்த பல்லவச் சிரிப்பும் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்'. மாமண்டூர்க் குகைக் கல்வெட்டிலேயே அதன் பெயர் வருகிறது. ராஜா எழுதிய நாடகம். அதில் சிரிக்கப்படுகிறவர்கள் குடிகாரக் காபாலிகனும் பௌத்தத் துறவியும் பைத்தியக்காரனும். சமஸ்கிருதத்திலும் பிராகிருதத்திலும் எழுதப்பட்ட அரண்மனைச் சிரிப்பு. ராஜா கீழே பார்த்துச் சிரித்தால் இலக்கியம். அதற்கு ஜாமீன் தேவைப்படவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில், ஊருக்குள்ளே, கட்டியக்காரன். தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு அவனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. துரியோதனன் கொலு வந்து நின்று வீரம் பேசுவான். பக்கத்தில் நின்று "ஆமாங்க ராஜாவே" என்றபடியே அவன் மானத்தை வாங்குவான் கட்டியக்காரன். ராஜா பேசுவது பழைய கதை. கட்டியக்காரன் பேசுவது போன வாரம் ரேஷன் கடையில் நடந்தது. சின்ன வயசில் கூத்துக்குக் கூட்டிப்போன என் தாத்தா, ராஜா பாடும்போது கண் அசந்து, கட்டியக்காரன் வாயைத் திறந்தால் எழுந்து உட்காருவார்.

ருஷ்ய அறிஞர் மிகயீல் பக்தின் திருவிழாக் கொண்டாட்டத்தைப் பற்றி எழுதியதைத் தமிழில் நாம் தொண்ணூறுகளிலிருந்து வாசித்துவருகிறோம். மேல் கீழாகிறது, கீழ் மேலாகிறது, ராஜா செருப்படி படுகிறான். ரொம்பச் சரி. ஆனால் அந்த வாசிப்பில் ஒரு இடைவெளி உண்டு. கூத்து முடிந்து விடிந்த பிறகு, ஊர்ப் பண்ணையார் வீட்டு வாசலில் கட்டியக்காரன் வேஷம் கட்டியவன் எப்படி நின்றான்? இடுப்பில் துண்டோடுதானே? கலகத்துக்கு ஒரு ராத்திரி அனுமதி. விடிந்தால் பழைய கணக்கு. அனுமதியில்லாமல் நடக்கிற சிரிப்பைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

4

அனுமதியில்லாச் சிரிப்பு தமிழில் அச்சுக்கு வந்தபோது அதன் பெயர் கருத்துப்படம். பாரதி நடத்திய 'இந்தியா' வாரப்பத்திரிகை (1906–1910) அரசியல் கருத்துப்படத்தைத் தமிழ் இதழியலின் முகப்புக்குக் கொண்டுவந்தது. கர்சன், மின்டோ, மிதவாதிகள் எல்லோரும் மாட்டினார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவனும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்பது அதன் பலம். ஆனால் 1908இல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது சிறைக்குப் போனது யார்? பதிவேட்டில் ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்த மு. சீனிவாசன். ஐந்து ஆண்டுத் தண்டனை. பாரதி புதுச்சேரிக்குப் போனார்; பத்திரிகையும் அங்கே போய்க் கொஞ்ச காலம் வந்தது. பாரதியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் நம் கருத்துப்பட வரலாற்றின் முதல் ஜாமீன்தாரர் சீனிவாசன் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பாரதிக்குச் சிலை உண்டு.

அடுத்தது 1987. ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருக்கிறவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கேட்கப்போக, ஒருவரை ஜேப்படிக்காரரோடும் மற்றவரை முகமூடிக் கொள்ளைக்காரரோடும் ஒப்பிடுகிற பதில். சட்டசபை உரிமை மீறல் என்றது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். மூன்று மாதக் கடுங்காவல் விதித்து அவரைச் சிறையில் போட்டார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு எழ, சில நாட்களில் விடுதலை. அவர் விடவில்லை. வழக்குப் போட்டு, 1994இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்து, 1000 ரூபாய் நஷ்ட ஈடும் பெற்றார். இங்கே விலை கொடுத்தவர் முதலாளியும் ஆசிரியருமான ஒருவர். பின்னால் ஒரு நிறுவனம், வக்கீல்கள், பல லட்சம் வாசகர்கள். மன்னிப்புக் கேட்காமல் நிற்பதற்கு முதுகெலும்பு மட்டும் போதாது, முதுகுக்குப் பின்னால் ஒரு சுவரும் வேண்டும். அவருக்கு இரண்டும் இருந்தன.

மூன்றாவது சம்பவம் தமிழ்நாட்டில் இல்லை, கொல்கத்தாவில். 2012 ஏப்ரலில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா, மம்தா பானர்ஜியைக் கேலி செய்கிற ஒரு படத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காகக் கைதானார். அவர் அதை வரையவில்லை, அனுப்பினார், அவ்வளவுதான். வழக்கிலிருந்து முழுசாக வெளியே வர 2023 ஜனவரி வரை ஆனது. அவர் மேல் போடப்பட்ட 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே செல்லாது என்று தூக்கியெறிந்திருந்தது. அதே 2012 செப்டம்பரில் மும்பையில் அசீம் திரிவேதி தேசத்துரோக வழக்கில் கைதானார். பத்திரிகைக்காரர் அல்ல; ஊழலுக்கு எதிராகச் சொந்த இணையதளத்தில் படம் போட்டவர்.

இப்போது வரிசையைப் பாருங்கள். 1908இல் பதிவேட்டில் பெயர் கொடுத்தவர். 1987இல் வெளியிட்ட முதலாளி. 2012இல் அனுப்பியவரும் வரைந்தவரும். 2017இல் வரைந்தவர். நிறுவனம் விலக விலக, தண்டனை தனி உடம்பை நோக்கி நகர்ந்துகொண்டே வருகிறது. 'சுதந்திரக் கார்ட்டூனிஸ்ட்' என்ற சொல்லை நாம் கொண்டாடுகிறோம். அதில் சுதந்திரம் இருப்பது உண்மை. எடிட்டர் கத்தரி இல்லை, விளம்பரதாரர் முகம் சுளிப்பதில்லை. ஆனால் அதே சொல்லுக்குள் 'தனியாள்' என்றொரு அர்த்தமும் ஒளிந்திருக்கிறது. கதவைத் தட்டினால் திறப்பதும் அவர்தான், கூடப் போவதும் அவர்தான்.

5

பிறகு எது அவரைக் காப்பாற்றியது? ஒரே பதில்தான்: பரவல். கைதுச் செய்தி வந்த அன்று, அதுவரை அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் எல்லாம் தேடிப் பார்த்தார்கள். பத்திரிகையாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசாங்கம் பிரதியைப் பறிமுதல் செய்யப்போய் அதற்கு விநியோகஸ்தராக மாறியது.

இந்தப் பரவலுக்கு ஒரு பொருளாதார அடித்தளம் உண்டு. அதைச் சொல்லாமல் 'மக்கள் எழுச்சி' என்று எழுதினால் அது பொய். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. மாதக்கணக்கில் டேட்டா இலவசம். எங்க ஊரில் தினத்தந்தியில் சிந்துபாத்தையும், தினமணி வருகிற கடையில் மதியின் 'அடடே'வையும் பார்த்துவிட்டு எழுந்துபோன ஆட்கள், ஒரே வருஷத்தில் தங்கள் கையிலேயே படம் வைத்திருந்தார்கள். 2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் செல்போன் என்ன செய்யும் என்பதை ஊரே பார்த்தது. மக்களின் சிரிப்பு ஒரு பெருமுதலாளியின் சந்தை பிடிக்கும் திட்டத்தின் மேல் ஏறி வந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரயிலும் அச்சு இயந்திரமும் அப்படித்தான் வந்தன. மறக்காமல் இருந்தால் சரி.

இன்னொன்று. பரவுவதெல்லாம் கலகமும் இல்லை. 2019 மே கடைசியில் 'நேசமணி' உலகமெல்லாம் டிரெண்ட் ஆனதே, ஞாபகமிருக்கிறதா? 2001இல் வந்த 'ஃபிரெண்ட்ஸ்' படத்துக் காண்டிராக்டர், தலையில் சுத்தியல் விழுந்த வடிவேலு. மோடி இரண்டாம் முறை பதவியேற்ற நேரத்தில் தமிழர்கள் நேசமணிக்குப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார்கள். அதில் ஒரு அலட்சியத்தின் அழகு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம்முடைய மீம்களில் அடிவாங்குகிற முகம் ஏன் எப்போதும் ஒரே மாதிரி முகமாக இருக்கிறது? கறுப்பாக, ஏழையாக, சோற்றுக்கு அலைகிறவனாக. அந்தச் சிரிப்பு மகேந்திரவர்மன் பக்கமா, கட்டியக்காரன் பக்கமா?

கார்ட்டூனுக்கும் இது பொருந்தும். 2012இல் பாடப்புத்தகத்தில் இருந்த சங்கரின் 1949 படத்தைப் பற்றிப் பெரிய சர்ச்சை வந்தது. அரசியல் சட்டம் என்கிற நத்தையின் மேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. 'கருத்துச் சுதந்திரம்' என்று ஒரே குரலில் பேசிய நண்பர்கள், சாட்டை என்ற ஒரு பொருள் ஒரு தலித் மாணவனின் கண்ணில் என்னவாகத் தெரியும் என்று கேட்கவே இல்லை. ஒரு படத்துக்குத் தடை கேட்பது வேறு, அதை எதிர்த்து வாசிப்பது வேறு. இரண்டாவது நம் உரிமை மட்டுமல்ல, வேலையும்கூட.

அப்படியானால் பாலாவின் படத்தையும் எதிர்த்து வாசிக்க வேண்டும். வாசித்தது நானல்ல, என் அத்தை. கரும்பு வெட்டுக்குப் போய்வந்தவர், எழுத்து தெரியாது. நெல்லையில் கந்துவட்டி என்பார்கள், எங்க பக்கம் அதற்குத் தண்டல் என்று பேர். சாயங்காலமானால் வண்டியில் வருவான், நோட்டில் டிக் அடிப்பான். அத்தைக்கு அந்த நோட்டு தெரியும். என் போனில் படத்தைக் காட்டினேன். முதலமைச்சரையோ துணியில்லாததையோ அவர் பார்க்கவே இல்லை. விரல் நேராகக் குழந்தைக்குப் போனது. "இந்தப் புள்ளைய ஏன் படமா போட்டாங்க? அதுக்குத் துணி போத்தக் கூடாதா?" என்றார். நான் மானம், அதிகாரம், நிர்வாணம், குறியீடு என்று என்னென்னவோ சொன்னேன். எம்.ஏ. படித்த வாய். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவனுங்களுக்கு மறைச்சுக்கப் பணமாச்சும் குடுத்திருக்காரு, புள்ளைக்கு ஒண்ணும் குடுக்கல" என்றார்.

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. படம் தவறு என்று அவர் சொல்லவில்லை. அழிக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம், இருக்கட்டும், நாலு பேரு பாக்கட்டும்" என்றார். சகிக்க முடியவில்லை, ஆனால் இருக்க வேண்டும். விளிம்புநிலை வாசிப்பு என்று நாம் கட்டுரையில் எழுதுகிறோமே, அது இந்த இரண்டு வாக்கியத்துக்குள் இருக்கிறது. ஆபாசம் எது என்பதில் அரசின் வாசிப்புக்கும் அத்தையின் வாசிப்புக்கும் உள்ள தூரத்தைத்தான் நான் அரசியல் என்று புரிந்துகொள்கிறேன்.

6

கதை 2017ஓடு முடியவில்லை. 2025 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து இந்தியர்களை விலங்கு மாட்டி ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பியதை வைத்து, 'விகடன் பிளஸ்' இணைய இதழ் ஒரு படம் போட்டது. டிரம்ப்புக்குப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருக்கிறார். பிப்ரவரி 15 இரவு விகடன் இணையதளம் முடங்கியது. ஒரு படத்துக்காக முழு வீட்டுக்கும் பூட்டு. சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 6 அன்று தளத்தைத் திறக்கச் சொன்னது, அந்தப் படத்தை எடுத்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தளம் வந்தது, படம் போனது.

1987இல் சிறைக்குப் போனது ஆள். ஜோக் அச்சில் அப்படியே இருந்தது. இன்றைக்கும் பழைய இதழைப் புரட்டிப் பார்க்கலாம். 2025இல் யாரும் சிறைக்குப் போகவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினார்கள், பக்கம் இல்லாமல் போனது. ஆளை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொள்வது அதிகாரத்தின் புதிய நாகரிகம். இதில் தியாகி கிடையாது. தியாகி இல்லாததால் ஊர்வலமும் பெரிசாகக் கிடையாது.

இங்கேதான் எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களுமான நம் வேலை வருகிறது. 'இந்தியா' பத்திரிகையின் படங்கள் தொகுக்கப்பட்டு 1994இல் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பாக நமக்குப் புத்தகமாகக் கிடைத்தன. எப்படி முடிந்தது? யாரோ காகிதத்தைக் கட்டி வைத்திருந்தார்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர், ரோஜா முத்தையா, பழைய நோட்டீஸைக்கூட விடாமல் சேர்த்துவைத்ததால் அவர் பெயரில் இன்று சென்னையில் ஒரு ஆராய்ச்சி நூலகமே இருக்கிறது. 2017இன் சிரிப்பை யார் கட்டி வைத்திருக்கிறார்கள்? வாட்ஸப்பில் வந்தது, 'மெமரி ஃபுல்' என்றதும் போனது. என் பழைய போனே உடைந்துபோய், அத்தை "இருக்கட்டும்" என்று சொன்ன பிரதி என்னிடம் இல்லை. நாளைக்கு இந்தக் காலத்தை எழுதுகிறவனுக்கு முதல் தகவல் அறிக்கை கிடைக்கும், படம் கிடைக்காது. அரசின் ஆவணத்தை மட்டும் வைத்து மக்கள் வரலாற்றை எழுத வேண்டிய பழைய சங்கடம், இத்தனை கேமரா இருக்கிற காலத்திலும் தொடரும்.

ஆகவே இரண்டு விஷயம். ஒன்று, கிடைக்கிற படத்தைக் காகிதத்தில் எடுத்து, தேதி போட்டு, எந்த ஊரில் யார் எப்படிப் பார்த்தார்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். சிறுபத்திரிகை இதற்குப் பக்கம் ஒதுக்க வேண்டும். இரண்டு, வரைந்தவருக்காகக் கையெழுத்துப் போடுகிற நாம், பகிர்ந்தவனுக்காகவும் போடத் தயாராக இருக்க வேண்டும். மகாபாத்ராவுக்குப் பல்கலைக்கழகமும் படிப்பும் இருந்தும் 11 வருஷம் ஆனது. ரீசார்ஜ் கடைப் பையனுக்கு எத்தனை வருஷமாகும்?

போன மாதம் அந்த டீக்கடைக்குப் போனேன். படாளம் இப்போது செங்கல்பட்டு மாவட்டம். 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். வருஷா வருஷம் காலண்டர் மாறினாலும் ஆணி அதேதான். கடைக்காரரிடம் அந்த ஜெராக்ஸைப் பற்றிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "கிழிக்கலையே தம்பி. அது மேலயேதான் காலண்டர மாட்டினேன். அப்புறம் அது மேலயேதான் சுண்ணாம்பும் அடிச்சாங்க" என்றார்.